கும்மந்தான் கான்சாகிப்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

மதுரையை 1759 முதல் 1764 வரை ஆண்ட முகம்மது யூசுப்கானைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கீழே தந்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. எங்கே பார்ப்பது என்று மட்டும் குறித்திருக்கிறோம்.

மருதநாயகம், கான்சாகிப், யூசுப்கான்... மூணு பேரா, ஒரே ஆளா?

ஒரே ஆள்தான். கும்பெனிக் கடிதங்கள், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியின் கடிதங்கள், இவரை முகம்மது யூசுப்கான் என்றே குறிக்கின்றன. தென்மாவட்ட மக்கள் வாயில் கான்சாகிப், கான்சா, கும்மந்தான். சிப்பாய்களின் கமாண்டன்ட் என்ற பதவிப் பெயர் நம்மூரில் கும்மந்தான் ஆனது. மருதநாயகம் என்பது மதம் மாறுவதற்கு முந்தைய பெயர் என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்று ஊருக்கெல்லாம் அந்தப் பெயர்தான் தெரியும், ஆனால் அவர் காலத்து ஆவணங்களில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது.

மருது பாண்டியருக்குச் சொந்தமா இவர்?

இல்லை. பெயர் ஒலி ஒத்திருப்பதால் வரும் குழப்பம் இது. சிவகங்கையின் பெரிய மருதுவும் சின்ன மருதுவும் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டவர்கள். கான்சாகிப் அதற்கு 37 ஆண்டுகள் முன்பே மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். இன்னும் சொன்னால், 1763-64 மதுரை முற்றுகையில் சிவகங்கைச் சீமை இவருக்கு எதிர்ப்பக்கம் நின்றது.

எந்த ஊர்க்காரர்? பிறப்பால் இந்துவா?

இராமநாதபுரம் சீமையில் பனையூரில், வேளாளர் குடும்பத்தில், 1725 வாக்கில் பிறந்தார் என்பது பொதுவாக ஏற்கப்படும் செய்தி. இளம் வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, இசுலாத்தில் சேர்ந்து, படைவேலையில் நுழைந்தவர். அந்தக் காலத்தில் துப்பாக்கி தூக்கத் தெரிந்தவனுக்கு ஆர்க்காடு, புதுச்சேரி, திருச்சி என்று எங்கே போனாலும் சம்பளம் கிடைத்தது.

ஊர்ப்பெயரில் ஒரு கண்ணி உண்டு. சங்கரன்கோவில் பக்கம் இன்னொரு பனையூர் இருக்கிறது. அது நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டைகளில் ஒன்று, 1761இல் கான்சாகிப் பிடித்தது. இரண்டையும் ஒன்றாக்கி, ‘சொந்த ஊரையே தாக்கினார்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு ஊர்கள்.

சாதாரண சிப்பாய் எப்படி மொத்த சிப்பாய்ப் படைக்கும் தலைவன் ஆனார்? வெறும் வீரம் மட்டும்தானா?

வீரத்தைவிடச் சோறு முக்கியம். 1752 பிப்ரவரியில் காவேரிப்பாக்கத்தில் நடந்த போருக்குச் சற்று முன்பு, தன் ஆட்களோடு ராபர்ட் கிளைவின் படையில் சேர்ந்தார். அதன்பின் திருச்சி. ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்காக முகம்மது அலிக்கும் சந்தா சாகிப்புக்கும் நடந்த சண்டையில் கும்பெனி ஒருபக்கம், பிரெஞ்சுக்காரர் மறுபக்கம். 1752 ஜூனில் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முகம்மது அலியோ திருச்சியைத் தருகிறேன் என்று மைசூருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை. மைசூர்ப் படையை நடத்திவந்த நஞ்சராஜர் கட்சி மாறினார். திருச்சிக்கு மறுபடி முற்றுகை.

கோட்டைக்குள் இருந்த படைக்கு அரிசி தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையிலிருந்தும் வரவேண்டும். வழியெல்லாம் மராட்டா, மைசூர் குதிரைப்படை. மாட்டுவண்டிகளையும் பொதிமாடுகளையும் இரவில், காட்டு வழியாக, ஒற்றர் தகவலை வைத்துப் பாதை மாற்றி மாற்றி உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதுதான் யூசுப்கானின் வேலை. ஒருமுறை தவறினால் கோட்டைக்குள் பட்டினி. தமிழ் பேசுவார், ஊர்ப்பாதை தெரியும், உளவுக்கு ஆள் வைப்பார், சண்டையில் பதறமாட்டார். படைத்தலைவர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் இதைக் கூடவே இருந்து பார்த்தவர். அவருடைய பரிந்துரையில்தான் 1754இல் கும்பெனியின் எல்லாச் சிப்பாய்களுக்கும் கும்மந்தான் பதவி வந்தது. பின்னர் தங்கப் பதக்கமும் கொடுத்தார்கள்.

திருச்சியில் இவர்மேலேயே துரோகக் குற்றச்சாட்டு வந்துச்சாமே?

வந்தது, பொய் என்று நிரூபணமும் ஆனது. கும்பெனியின் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) பொன்னியப்பன் மைசூர்க்காரர்களோடு ரகசியமாகப் பேரம் பேசிவந்தார். யூசுப்கான் இருக்கும்வரை திருச்சி விழாது என்பதால், அவர் மைசூருக்கு விலைபோய்விட்டதுபோல் ஒரு கடிதத்தை ஜோடித்து, அது ஆங்கிலேயர் கையில் கிடைக்கும்படி செய்தார்கள். விசாரணையில் குட்டு உடைந்தது. 1754இல் பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். குற்றச்சாட்டு இவருடைய செல்வாக்கைக் குறைக்கவில்லை, கூட்டியது.

நவாப், கும்பெனி, பாளையக்காரர். இதுல யாருக்கு யார் மேலே?

இதற்குச் சுத்தமான பதில் அந்தக் காலத்திலேயே கிடையாது. சண்டையே அதனால்தான். சட்டப்படி மதுரையும் திருநெல்வேலியும் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் சீமைகள். ஆனால் தன்னை நவாபாக்கிய போரின் செலவுக்காக அவர் கும்பெனிக்குப் பெருங்கடன்பட்டவர். கடனை அடைக்க வருவாயைக் கும்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். வருவாயை வசூலிக்க வேண்டிய இடமோ பாளையக்காரர்கள் கையில். அவர்கள் கோட்டை, காவல், ஆள்பலம் எல்லாம் வைத்திருந்தவர்கள். படை வாசலுக்கு வந்து நின்றால் கப்பம் கட்டுவார்கள், படை போனதும் நிறுத்திவிடுவார்கள்.

1755இல் கர்னல் ஹெரான் இதைப் படை பலத்தால் தீர்க்கப் பார்த்தார். யூசுப்கானும் அந்தப் படையில் போனார். வசூல் ஆனது சொற்பம். திருமோகூர்ப் பக்கம் கோவில்குடிக் கோயிலின் விக்கிரகங்களை ஹெரானின் படை தூக்கிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் மடக்கி அடித்து விக்கிரகங்களை மீட்டார்கள். ஹெரான் விசாரணைக்குள்ளாகி வேலையை இழந்தார். படையை ஒருமுறை நடத்திக்கொண்டு போய்விட்டு வந்தால் காசு வராது, அங்கேயே ஒருவன் உட்கார்ந்து ஆளவேண்டும் என்பது சென்னையில் இருந்த கும்பெனி அரசுக்குப் புரிந்தது. 1756இல் யூசுப்கானைத் தெற்கே அனுப்பியது இதனால்தான்.

மதுரையைச் சண்டை போட்டுத்தானே பிடிச்சார்?

சண்டை போட்டுப் பார்த்தார்கள், முடியவில்லை, கடைசியில் காசு கொடுத்து வாங்கினார்கள். நவாபின் அண்ணன் மாபூஸ்கான் தம்பிக்கு எதிராகத் திரும்பி, பூலித்தேவரோடு கூட்டுச் சேர்ந்திருந்தார். மதுரைக் கோட்டை பர்க்கத்துல்லா கையில். 1757இல் யூசுப்கானும் கேப்டன் காலியாடும் முற்றுகையிட்டார்கள். நடுவில் திருச்சியைப் பிரெஞ்சுப்படை நெருங்கியதால் காலியாட் அங்கே ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தும் கோட்டை விழவில்லை. செப்டம்பரில் 1,70,000 ரூபாய் கொடுத்ததும் கதவு திறந்தது.

ஏழு ஆண்டு கழித்து இதே கோட்டை உள்ளிருந்தே மறுபடி திறக்கப்பட்டது. அது பின்னால் வருகிறது.

சென்னையைக் காப்பாத்தினதே இவர்தான்னு சொல்றாங்களே, மிகையா?

கொஞ்சம் மிகை. லாலி தலைமையில் பிரெஞ்சுப்படை 1758 டிசம்பர் மத்தியிலிருந்து 1759 பிப்ரவரி மத்திவரை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைக்குள் நின்று தாங்கியவர்கள் வேறு. முற்றுகையைத் தூக்கவைத்தது கடைசியில் வந்துசேர்ந்த ஆங்கிலக் கப்பல்கள்.

யூசுப்கான் செய்தது இதற்கு நடுவில் இருந்த வேலை. தெற்கிலிருந்து சுமார் 2,000 சிப்பாய்களோடு வந்து, பிரெஞ்சுப்படையின் முதுகுப்பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருந்தார். மாடு, தானியம், வெடிமருந்து எது வந்தாலும் பாதியில் மறித்தார். பரங்கிமலைச் சண்டையிலும் இருந்தார். ஒருபக்கம் விரட்டினால் மறுபக்கம் வந்து மொய்க்கும் ஈக்கள் என்று இந்தப் படையைப் பற்றி லாலி சலித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். திருச்சியில் சோற்றை உள்ளே கொண்டுபோகக் கற்றவர், சென்னையில் அதே சோற்றை எதிரிக்குப் போகாமல் தடுத்தார்.

‘குத்தகை எடுத்தார்’னு எழுதியிருக்கு. ஒரு சீமையை எப்படிக் குத்தகை எடுக்க முடியும்? இதுல அவருக்கு என்ன லாபம்?

1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று கும்பெனி இவருக்குக் குத்தகைக்கு விட்டது. வசூல் எவ்வளவு ஆனாலும், ஆகாவிட்டாலும், அந்தத் தொகை சென்னைக்குப் போய்ச் சேரவேண்டும். மீதியில் தன் படைக்குச் சம்பளம், கோட்டைப் பழுது, வெடிமருந்து, உளவு எல்லாம். அதற்கும் மேல் மிஞ்சினால் குத்தகைதாரனுக்கு.

கணக்கு எங்கே இடிக்கும் என்று பாருங்கள். பாளையக்காரரிடம் வசூலிக்கப் படை வேண்டும். படைக்குச் சம்பளம் தர வசூல் வேண்டும். ஒரு பருவம் மழை பொய்த்தால், அல்லது ஒரு கோட்டை பிடிபடாமல் ஆறு மாதம் இழுத்தால், சிப்பாய்க்கு நிலுவை விழும். நிலுவை விழுந்த சிப்பாய் ஒன்று கலகம் செய்வான், இல்லையென்றால் ஊரைக் கொள்ளையடிப்பான். யூசுப்கான் இந்தச் சுழலை உடைத்தார் என்பதில்தான் அவருடைய நிர்வாகப் பெயர் நிற்கிறது. வழிப்பறியை ஒடுக்கினார், பாதைகள் பாதுகாப்பானதும் வியாபாரம் நகர்ந்தது, வரி ஒழுங்காக வந்தது. இருபது ஆண்டு கழித்து இதே சீமையில் படை நடத்திய கர்னல் புல்லர்டன், இவருடைய நீதியில் யாரும் குறை சொன்னதில்லை, சொன்ன சொல் மாறாதவர் என்ற பொருளில் எழுதிவைத்தார். எதிரியாகத் தூக்கிலிடப்பட்ட ஒருவரைப் பற்றி அதே கும்பெனியின் அதிகாரி எழுதியது என்பதால் அதற்கு எடை அதிகம்.

ஆனால் அந்த ஒழுங்கின் மறுபக்கம் கடுமை. கட்ட மறுத்தவருக்கு என்ன ஆனது என்பது அடுத்த பதிலில்.

பூலித்தேவரை ஒழிச்ச ஆளை எப்படிங்க வீரர்னு கொண்டாடறது?

கோபம் நியாயமானது. 1755இல் ஹெரானுக்கே பணியாதவர் நெற்கட்டும்செவல் பூலித்தேவர். மேற்குப் பாளையங்களை ஒன்றுசேர்த்தவர். அந்தக் கூட்டை உடைத்தவர் யூசுப்கான். படையால் மட்டும் உடைக்கவில்லை. பூலித்தேவரோடு இருந்த திருவிதாங்கூரைப் பேசித் தன் பக்கம் இழுத்தார். பதிலுக்குக் களக்காட்டுப் பகுதியைத் திருவிதாங்கூர் வைத்துக்கொள்ள விட்டார்.

இருந்தும் வாசுதேவநல்லூர் எளிதில் விழவில்லை. 1759 கடைசியில் நடந்த முதல் முயற்சி தோற்றது. காரணம் மண்சுவர். கருங்கல் சுவரில் குண்டு பட்டால் கல் பெயர்ந்து சரியும், ஏறிப்போக வழி கிடைக்கும். நன்றாகப் பிசைந்து இறுகிய தடித்த மண்சுவரில் குண்டு புதைந்துகொள்ளும். அதைத் தகர்க்கப் பெரிய பீரங்கிகளும் நாள்கணக்கில் சுட வெடிமருந்தும் வேண்டும். இவரிடம் இரண்டும் போதவில்லை. உடைந்த இடத்தையும் உள்ளே இருந்தவர்கள் இரவோடு இரவாக அடைத்தார்கள். 1761இல்தான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றும் விழுந்தன.

கட்டாலங்குளம் அழகுமுத்துக் கோன் மரபிலும் கான்சாகிப் கொடியவராகவே நினைக்கப்படுகிறார். பிடிபட்டவர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டதாக அந்த வழக்கு சொல்கிறது. ஆகவே நெல்லைச் சீமையில் ஒருவர் கான்சாகிப்பைத் திட்டினால் அவர் வரலாறு தெரியாமல் பேசவில்லை. அவர் பேசுவது 1756-61. மதுரையில் ஒருவர் கொண்டாடினால் அவர் பேசுவது 1763-64. எந்த ஆண்டுக் கான்சாகிப் என்று கேட்டுக்கொண்டால் பாதி வாக்குவாதம் அடங்கிவிடும்.

மீனாட்சி கோயிலுக்கு நல்லது செஞ்சாரா, இல்ல அது பின்னாடி கட்டின கதையா?

கோயிலின் பூசைச் செலவுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கினார் என்பது மதுரை வரலாறு எழுதியவர்கள் ஏற்றுக்கொண்ட செய்தி. இதைப் பக்தியா என்று ஆராய்வதில் பயன் குறைவு. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மதுரை பல கைகள் மாறியிருந்தது. கோவில்குடிச் சம்பவம் மக்கள் மனத்தில் ஆறாமல் கிடந்தது. கோயிலில் பூசை நடந்தால்தான் ஊரில் ஆட்சி நடக்கிறது என்று மதுரைக்காரர் நம்புவார்கள். இது தெரியாத ஆள் அல்ல அவர். அவருடைய மனைவி மாசா போர்த்துகீசிய வழிக் கிறித்தவப் பெண் என்பார்கள். மதுரையில் இருந்தபோது ஒரு மகனும் பிறந்தான்.

எல்லாம் நல்லாத்தானே போச்சு, அப்புறம் ஏன் கிளர்ச்சி?

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதோடு தெற்கே கும்பெனிக்குப் பெரிய பகை இல்லை. யூசுப்கானின் அவசியமும் குறைந்தது. நவாப் முகம்மது அலி தன் சீமையைத் திருப்பிக் கேட்டார். ஆளுநர் பிகட் ஒப்புக்கொண்டார். நேற்றுவரை கும்பெனிக்கு நேராக எழுதி, நேராகக் கட்டிய ஒருவர், இனி நவாபின் குத்தகைக்காரர். ஆண்டுக்கு 7 லட்சம் வீதம் இன்னும் நான்கு ஆண்டு எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டும் கிடைக்கவில்லை.

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், நவாபிடம் போய் நின்றால் உயிர் மிஞ்சாது என்ற பயத்துக்குக் காரணம் உண்டு. கும்பெனி பக்கத்திலிருந்து பார்த்தால், வரச்சொன்னால் வராமல், கேட்காமல் படை சேர்த்து, கோட்டையைப் பலப்படுத்தி, 1762 வாக்கில் பழைய கூட்டாளியான திருவிதாங்கூரோடும் போருக்குப் போன ஒருவரை வேலைக்காரர் என்று எப்படிச் சொல்வது? நம் கணிப்பில், அவர் செய்த பெரிய தப்பு அந்தத் திருவிதாங்கூர்ப் போர்தான். நவாபோடு மோதல் வரப்போகிறது என்று தெரிந்திருந்தும் தெற்கு வாசலில் இருந்த ஒரே நண்பனைப் பகைவனாக்கிக்கொண்டார்.

பிரெஞ்சுக் கொடி ஏத்தினார்ங்கறது உண்மையா? அப்ப அவர் பிரெஞ்சு ஆள்தானே?

உண்மை, 1763 தொடக்கத்தில். அவரிடம் மார்ச்சந்த் என்ற அதிகாரியின் கீழ் சுமார் 200 ஐரோப்பியர் சேர்ந்திருந்தார்கள், பெரும்பாலும் வேலையற்றுப்போன பிரெஞ்சுப்படையினர். கொடி, பிரான்சிடம் பாதுகாப்பு கேட்பதற்கான அடையாளம். பிரெஞ்சு அரசுக்கு ஊழியம் செய்தார் என்று அதற்குப் பொருளில்லை.

கொடி ஏறிய நேரம்தான் கெட்ட நேரம். 1763 பிப்ரவரி 10 அன்று பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையில், முகம்மது அலிதான் கர்நாடகத்தின் (அன்று ஆர்க்காட்டுச் சீமைக்கு வழங்கிய பெயர்) முறையான நவாப் என்று பிரான்சும் ஒப்புக்கொண்டது. பாதுகாப்பு கேட்ட இடமே எதிரியை அங்கீகரித்துவிட்டது. மைசூரின் ஹைதர் அலியும் அந்த ஆண்டு பெத்னூரைப் பிடித்து, அங்கே கால்பதிப்பதில் இருந்தார்.

மதுரைக் கோட்டை ஒரு வருஷம் தாங்கிச்சுன்னா எப்படி? இப்ப கோட்டையையே காணோமே?

நாயக்கர் காலத்து வெளிக்கோட்டை இரண்டு அடுக்குச் சுவர், கொத்தளங்கள், அகலமான அகழி கொண்டது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அதை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். இன்றைய நான்கு வெளிவீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதிகள் எல்லாம் அப்படி வந்தவை. அந்த வீதிகளை ஒரு சுற்று நடந்தால் முற்றுகைக்குள் இருந்த இடத்தின் அளவு புரிந்துவிடும்.

1763 செப்டம்பரில் கர்னல் மான்சன் தலைமையில் முதல் முற்றுகை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. பதுங்குகுழியில் தண்ணீர், படையில் காய்ச்சல், நனைந்த மருந்து. நவம்பரில் பின்வாங்கினார்கள். மறு ஆண்டு மேஜர் சார்ல்ஸ் கேம்பல் தலைமையில் வந்தபோது முதலில் சுற்றிலும் காவல்மேடுகள் போட்டு வழிகளை அடைத்து, பிறகு சுவரை உடைக்கத் தொடங்கினார்கள். 1764 ஜூன் 26 அன்று உடைப்பின் வழியே ஏற முயன்று பெரும் இழப்போடு விரட்டப்பட்டார்கள். மேஜர் பிரஸ்டன் அங்கே பட்ட காயத்தால் இறந்தார். அதன்பின் ஏறும் முயற்சியே இல்லை, பட்டினிதான். குதிரைகளையும் அடித்துத் தின்னும் நிலை வந்தது. திருச்சிக்குள் அரிசி கொண்டுபோனவரின் கோட்டைக்கு அரிசி கொண்டுவர வெளியே யாரும் இல்லை.

ஒரு சிறு எச்சரிக்கை: 1767இல் பூலித்தேவரோடு மோதிய கர்னல் டொனால்டு கேம்பல் வேறு ஆள்.

மத்த பாளையக்காரங்க, ராஜாக்கள் ஏன் ஒருத்தரும் உதவல?

உதவாதது மட்டுமல்ல, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம், சிவகங்கை, திருவிதாங்கூர் எல்லாம் எதிர்ப்பக்கம் ஆளும் பொருளும் கொடுத்தன. ஏழு ஆண்டாக வாசலில் பீரங்கியை நிறுத்தி வரி கேட்டவர் இன்று மாட்டிக்கொண்டார். அவர்கள் கண்ணில் இது விடுதலைப் போர் அல்ல, நவாபின் பழைய வசூல்காரனுக்கும் நவாபுக்கும் உள்ள சண்டை. கும்பெனி யாரைத் தின்னும் என்பது அப்போது தெரியவில்லை. எட்டே ஆண்டில், 1772 ஜூனில், நவாபும் கும்பெனியும் சேர்ந்து காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றார்கள்.

காட்டிக் கொடுத்தது யாரு? தொழுகையில இருந்தப்போ பிடிச்சாங்களாமே?

மூன்று பெயர்கள் சொல்லப்படுகின்றன: பிரெஞ்சு அதிகாரி மார்ச்சந்த், திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிப். 1764 அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்தவரைப் பாய்ந்து பிடித்து, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள். மறுநாள் கேம்பலிடம் ஒப்படைத்தார்கள்.

துரோகம் என்ற சொல் பொருத்தம்தான். ஆனாலும் உள்ளே இருந்த நிலையை மேலே சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்: சோறு இல்லை, வரப்போகும் உதவியும் இல்லை, சரணடைய அவர் ஒப்பவில்லை. மார்ச்சந்துக்குத் தன் ஆட்களை உயிரோடு வெளியே கொண்டுபோகும் கவலை. அவரைக் கான்சாகிப் கோபத்தில் சாட்டையால் அடித்ததாகவும் சொல்வார்கள்.

மூணு தடவை தூக்குல போட்டும் சாகலைன்னு சொல்றாங்க. உடம்பைத் துண்டு போட்டது?

தூக்கு நடந்தது 1764 அக்டோபர் 15 மாலை, மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில். கும்பெனி தன் முன்னாள் கும்மந்தானைத் தானே விசாரிக்காமல் நவாபிடம் விட்டது. கயிறு இருமுறை அறுந்தது, உடம்பில் தாயத்து இருந்தது, அதை எடுத்த பிறகே உயிர் போனது என்பதெல்லாம் மக்கள் வழக்கு. கான்சாகிபு சண்டை என்ற கதைப்பாடல் இந்தச் சீமையில் பாடப்பட்டு வந்தது. தோற்றவனுக்குப் பாட்டு கட்டுவது தெற்கத்தி வழக்கம்.

உடலைத் துண்டாக்கித் தலையைத் திருச்சிக்கும், கைகால்களைப் பாளையங்கோட்டை, தஞ்சாவூர், பெரியகுளம் ஆகிய ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. எந்தப் பாகம் எந்த ஊருக்கு என்பதில் ஊருக்கு ஊர் கதை மாறும்.

இப்ப மதுரையில போய்ப் பார்க்க என்ன இருக்கு?

சம்மட்டிபுரத்தில் அடக்கத்தலமும் பள்ளிவாசலும் உள்ளன. காளவாசல் தாண்டித் தேனி சாலைப் பக்கம் போய், கான்சாகிப் பள்ளிவாசல் என்று கேட்டால் காட்டுவார்கள். 1808இல் ஷேக் இமாம் என்பவர் கட்டியது. தொழுகை நடக்கும் இடம், அதற்கேற்ற நேரத்தில் போங்கள். நகருக்குள் கான்சாமேட்டுத் தெரு, கான்பாளையம், வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரம் ஆகிய ஊர்ப்பெயர்கள் அவரை நினைவூட்டுகின்றன. நெற்கட்டும்செவலுக்கும் ஒரு நடை போய்வந்தால் மறுபக்கமும் தெரியும்.

‘முதல் சுதந்திரப் போராட்ட வீரர்’னு போஸ்டர் அடிக்கலாமா?

‘முதல்’ என்பதை விட்டுவிடுங்கள். 1755இல் ஹெரானை எதிர்த்தவர்கள் அவருக்கு முன்பே இருக்கிறார்கள், அப்போது இவர் ஹெரானோடு போனவர். ‘துரோகி’ என்பதும் ஒட்டாது. கும்பெனிச் சம்பளத்தில் வளர்ந்து, ஒரு சீமையை ஆளக் கற்று, ஆண்ட சீமையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், கும்பெனியும் நவாபும் திரட்டிய படையை ஓராண்டுக்கு மேல் தடுத்து நின்றவர். ‘மதுரையை ஆண்டவர், கும்பெனியை எதிர்த்து மடிந்தவர்’ என்று போட்டால் ஒரு சொல்லும் பொய்யில்லை.

கமல் படம் என்ன ஆச்சு? அதுல வர்றதுதான் வரலாறா?

1997 அக்டோபரில், சென்னைக்கு வந்திருந்த எலிசபெத் ராணி முன்னிலையில் தொடக்கவிழா நடந்தது. படம் முடியவில்லை. முடியாத படத்தை ஆதாரம் காட்ட முடியாது. மருதநாயகம் என்ற பெயர் வீடு வீடாகப் போனது மட்டும் அதனால்தான்.

பையனோட பள்ளிக் கட்டுரைக்குத் தேதி வேணும். ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணு போட்டிருக்கு.

பிறப்புக்கு ‘1725 வாக்கில்’ என்று எழுதச் சொல்லுங்கள், நாள், மாதம் வேண்டாம். கும்மந்தான் பதவி 1754. குத்தகை 1759. முதல் முற்றுகை 1763 செப்டம்பர் முதல் நவம்பர்வரை. பிடிபட்டது 1764 அக்டோபர் 13, ஒப்படைத்தது 14, தூக்கு 15. சிலர் பிடிபட்ட நாளையே இறந்த நாளாகப் போட்டுவிடுவதால்தான் இந்தக் குழப்பம். 1801 என்று எங்காவது பார்த்தால் அது மருது சகோதரர்களுடையது. இரண்டாவது கேள்வியைக் காட்டுங்கள்.